ஒன்றாம் எண் பேட்டரியின் ஓய்வுக் கணக்கு

ஒரு மணி நேர ஓய்வின் விலை பதினோரு ரூபாய் எண்பது காசு. பத்து ரூபாய் ஓய்வுக்கு. ஒரு ரூபாய் எண்பது காசு, அந்த ஓய்வின் மேல் போட்ட வரிக்கு. நிம்மதிக்கு விலை உண்டா என்று மேடையேறிக் கேட்கிறவர்கள் சமயநல்லூர்ப் பக்கம் வந்து கேட்டால் ரசீதே கிழித்துக் கொடுப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஓய்வெடுப்பது மனுசனாக இருக்கக் கூடாது, பேட்டரியாக இருக்க வேண்டும்.

இந்த விலை நல்லகாமனுக்கு ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தெரியவந்தது.

நல்லகாமன் நெற்றி லைட் வாடகைக்கு விடுகிறவர். மல்லிகையை விடியுமுன்னே எடுத்தால்தான் அது மொட்டாக மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேரும். வெயில் பட்டுவிட்டால் வாயைத் திறந்துவிடும். வாயைத் திறந்த பூவுக்கும் வாயைத் திறந்த வியாபாரிக்கும் சந்தையில் விலை கிடையாது. அதனால் பூவெடுக்கிற பெண்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். முத்துமீனா கூட்டிக்கொண்டு போகிற நாற்பது பெண்கள், நாற்பது லைட், லைட்டுக்கு ஒரு பேட்டரி, கட்டைவிரல் தண்டியில். தினமும் வாங்கி வந்து சார்ஜ் போட்டு, மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லகாமன் பிழைப்பு.

சார்ஜரிலிருந்து எடுத்ததும் பேட்டரிகளைச் சொளகில் பரப்பி அரை மணி நேரம் ஆறப்போடுவாள் அவர் சம்சாரம் நாகஜோதி. சொளகு என்றால் முறந்தான். அரிசி புடைக்காத நேரத்தில் அதற்கு இந்த வேலை. சூட்டோடு மாட்டினால் பேட்டரி சீக்கிரம் சாகும், கட்டியிருக்கிறவள் நெற்றியும் காயும். புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்ததை மட்டும் கொடுப்பாள். இதற்கு அவள் எந்தப் படிப்பும் படிக்கவில்லை. இட்லியையே ஆறவிட்டுத்தானே துணியிலிருந்து எடுக்கிறோம், இது கரண்டு.

அன்று நல்லகாமன் பழைய பேட்டரிகளைக் கடையில் போட்டுவிட்டு, மேல்பணம் கொடுத்துப் புதுசாக நாற்பது வாங்கி வந்துகொண்டிருந்தார். கடைக்காரர் ஒன்று நூற்றைம்பது சொன்னதை நூற்றிருபதுக்கு இறக்கியிருந்தார். இறக்கிய பிறகு, இன்னும் இறங்கியிருப்பானோ என்கிற சந்தேகம் ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் அரித்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில்தான் ஆட்டோவை மறித்தார்கள்.

மறித்தது போலீஸ் இல்லை. மின்புகைத் தடுப்பு மற்றும் மின்கல ஓய்வு உறுதி அலுவலகம். இதற்கு ஒரு முன்கதை உண்டு. வேப் என்று பேனா மாதிரி ஒன்றைப் பையன்கள் உறிஞ்சிப் புகை விடுகிறார்களே, அதைப் பிடிக்கத்தான் இந்த அலுவலகம் பிறந்தது. பிடித்த கருவி ஒன்றுக்கு ஒருநாள் அதிகாரி ஜெயபாண்டியே சார்ஜ் போட்டு, சூடாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள, பையில் ஓட்டை விழுந்துவிட்டது. தடை செய்த சாமானுக்கு அவர் எதற்குச் சார்ஜ் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. பேட்டரிக்கு ஏன் ஓய்வு கொடுக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். சுற்றறிக்கை வந்தது. அன்றிலிருந்து பிடிப்பது பாதி வேலை, ஓய்வு கொடுப்பது பாதி வேலை என்று ஆகி, இப்போது பிடிப்பதே ஓய்வு கொடுக்கத்தான் என்கிற நிலைக்கு அலுவலகம் முன்னேறியிருந்தது.

ஜெயபாண்டி பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"வேப் பேட்டரியா?"

"மல்லி எடுக்குற லைட்டுக்கு சார்."

"எல்லாரும் இப்படித்தான்யா சொல்றீங்க."

"இதுக்கு முன்னால மல்லி லைட்டுண்டு யாரு சார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

எண்ணச் சொன்னார்கள். நல்லகாமன் எண்ண, கிளார்க் ஹரிஷ்குமார் மடிக்கணினியில் பதிந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய சீட்டை ஒட்டினார். இங்கேதான் வினை வந்தது. நல்லகாமன் வம்சத்தில் யாரும் எதையும் ஒன்று என்று எண்ண ஆரம்பித்ததில்லை. நெல்லானாலும் தேங்காயானாலும் முதலாவதை 'லாபம்' என்று சொல்லித்தான் போடுவார்கள். பிறகு ரெண்டு, மூணு. கை அதுபாட்டுக்குப் பேட்டரியை எடுத்து வைக்க, வாய் அதுபாட்டுக்கு, "லாபம்... ரெண்டு... மூணு..." என்று போய் நாற்பதில் நின்றது.

ஹரிஷ்குமார் பாக்கெட்டில் அடைத்ததை மட்டுமே வாங்கி வளர்ந்த பிள்ளை. லாபம் என்றதைச் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக் காத்திருந்து, ரெண்டு என்றதும் இரண்டாம் எண் சீட்டை எடுத்து ஒட்டினார். ஆக இரண்டிலிருந்து நாற்பது வரை சீட்டு ஒட்டிய பேட்டரிகள் முப்பத்தொன்பது. பெட்டி ஓரத்தில் சீட்டு இல்லாமல் ஒன்று.

கணினி கூட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றாம் எண்ணைக் காணோம் என்றது.

ஜெயபாண்டி கண்ணை இடுக்கினார். "ஒண்ணாம் நம்பரை எங்கய்யா ஒளிச்ச?"

"எதையும் ஒளிக்கல சார். அந்தா ஓரத்துல இருக்கே, அதுதான்."

"அதுல நம்பர் இல்லையே."

"ஒட்டுனா இருக்கும் சார்."

"நம்பர் இல்லாத பொருளைப் பதிவேட்டுல ஏத்த முடியாது. பதிவேட்டுல இல்லாத பொருளுக்கு நம்பர் ஒட்ட முடியாது." ஜெயபாண்டி குரலைத் தாழ்த்தினார். "அரசு ஊழியர் முன்னால கணக்குல வராத ஒரு பொருளை வச்சா அதுக்குப் பேர் என்ன தெரியுமா? லஞ்சம்."

அந்தப் பேட்டரியை நல்லகாமன் கையிலேயே திணித்து, 'கொடுக்க முயன்ற லஞ்சத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஒன்றைத் திருடி ஒளித்தவனும் அவர்தான், ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தவனும் அவர்தான். ஒரே பொருளுக்கு ரெண்டு பக்கமும் குற்றம் வாங்கிய வியாபாரி மதுரைச் சீமையில் இதற்கு முன் இருந்ததாக நல்லகாமனுக்குத் தெரியவில்லை.

"மிச்சத்தை எப்ப சார் தருவீக?"

"வேப்பா, லைட்டாண்டு நிர்ணயம் பண்ணணும். நிர்ணய அலுவலர் வெள்ளிக்கிழமைதான் வருவார். அவர் எப்ப வந்தாலும் பேட்டரி சார்ஜ் ஏறி, ஓய்வெடுத்துத் தயாரா இருக்கணும். அதுவரைக்கும் ஓய்வுக் கட்டணம் உங்க பொறுப்பு. ஒரு பேட்டரிக்கு, ஒரு மணி நேரத்துக்கு."

விலை சொன்னார். நல்லகாமன் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். முப்பத்தொன்பதுக்கு ஒரு மணி நேரத்துக்கு நானூற்று அறுபது ரூபாய் இருபது காசு. விடிவதற்குள் பேட்டரி விலையையே ஓய்வு தாண்டிவிடும்.

"ஓய்வு வேணாம் சார். சும்மா கெடக்கட்டும்."

"சும்மா கெடக்குறது வேற, ஓய்வு வேற," என்றார் ஜெயபாண்டி. அரசாங்க வேலையில் இருபது வருசம் ரெண்டையும் செய்து பார்த்தவர் அவர்.

செவ்வாய்க்கிழமை காலையில் முத்துமீனா போனில் வந்தாள்.

"அண்ணே, இன்னைக்கு செல்போன் வெளிச்சத்துல எடுத்தோம். போனைப் பிடிக்க ஒருத்தி, எடுக்க ஒருத்தி. பாதிப் பூ செடியிலயே வாயைத் தொறந்துருச்சு."

"ரெண்டு நாளைப் பொறுத்துக்க ஆத்தா."

"வெள்ளிக்கிழமை முகூர்த்தம். வியாழன் விடியல்ல எடுக்குற பூவுலதான் நாலு காசு. அன்னைக்கு லைட் வரலேண்டா அலங்காநல்லூர்க்காரர்கிட்ட சொல்லிருவேன். பெறகு அவரு லைட்டுதான். என்னைய வையக் கூடாது."

நல்லகாமன் வையவில்லை. அவள் இடத்தில் இருந்தால் திங்கட்கிழமையே சொல்லியிருப்பார்.

அலுவலகத்துக்குப் போனார். மொத்தக் கட்டடத்திலும் ஏசி இருந்தது ஓய்வறையில் மட்டும். நீலத் திரை, நீல விரிப்பு, அதில் முப்பத்தொன்பதும் வரிசையாகப் படுத்திருந்தன. சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு பெண் நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தினக்கூலிக்கு வந்த தங்கப்பொண்ணு. ஓய்வுக் கண்காணிப்பு அவள் வேலை. பதினைந்து நிமிசத்துக்கு ஒருதரம் 'ஓய்வில் உள்ளது' என்று எழுத வேண்டும்.

"உக்காந்து எழுதலாமேம்மா," என்றார் நல்லகாமன்.

"உக்காந்தா அசந்துருவேண்டு ஸ்டூலை எடுத்துட்டாங்கண்ணே. ராத்திரிக்கு வரவேண்டிய ஆளும் வரல. நேத்து மூணு மணிக்கு நின்னவ." அவள் பேட்டரிகளைப் பார்த்தாள். "எதுனாச்சும் ஒண்ணாப் பெறந்தா இதாப் பெறக்கணும்."

ஜெயபாண்டி உள்ளே வந்தார். பார்வையாளர் கிடைத்தால் சும்மா விடுகிறவர் இல்லை அவர்.

"இதைப் பாருங்க நல்லகாமன். ஒரு வழக்கு முடிய பத்து வருசம் ஆகும். சாட்சி செத்துப்போகலாம், எதிரி செத்துப்போகலாம், நானே ரிட்டயர் ஆயிரலாம். ஆனா பேட்டரி உயிரோட இருக்கணும். அதுக்குத்தான் ஓய்வு. ஓய்வில்லாத பேட்டரி வெடிக்கும். ஓய்வில்லாத மனுசன் வெடிச்சதா எங்க பதிவேட்டுல இல்ல. அதனால தங்கப்பொண்ணுக்கு இந்தச் சுற்றறிக்கை பொருந்தாது. எங்க ஆபீசுல யாரும் யாருக்காகவும் ஓய்வெடுக்கிறது கிடையாது. நான் மத்தியானம் கண்ணை மூடுறதுகூட, ஓய்வுன்னா எப்படி இருக்கும்ண்டு புரிஞ்சுக்கிறதுக்காகத்தான்."

தங்கப்பொண்ணு நோட்டில் எழுதினாள். எதை எழுதினாளோ.

நல்லகாமன் பையிலிருந்து சீட்டு இல்லாத பேட்டரியை எடுத்து, லாபம் என்று எண்ணுகிற வழக்கத்தைப் பொறுமையாக விளக்கினார். ஜெயபாண்டிக்குப் புரிந்தது. அவரும் நெல் அளக்கிற வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் புரிவது அவர் பதவிக்கு அழகில்லை.

"சரி, லாபம்தான் ஒண்ணு. ஒத்துக்கிறேன். வாய்ப்பேச்சு போதாது. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட, 'லாபமும் ஒன்றும் ஒருவரே'ண்டு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

வாங்கப் போனார். இனிஷியல் மாறிய ஆட்களுக்கு இருவரும் ஒருவரே என்று சான்று கொடுத்துப் பழகிய அந்த அலுவலர், இந்த இருவரின் ஆதார் அட்டையைக் கேட்டார்.

நல்லகாமன் அங்கே நின்றுகொண்டிருந்த நேரத்தில் ஜெயபாண்டியும் ஹரிஷ்குமாரும் ஒன்றாம் எண்ணைத் தேடி அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். நல்லகாமன் ஓடி வந்து சேர்ந்தபோது அரிசிப் பானையில் கை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழ வரைக்கும் துழாவுங்க," என்றாள் நாகஜோதி. "அப்படியே கல்லு கெடந்தா பொறுக்கிப் போட்டுருங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

ஹரிஷ்குமார் மூலையிலிருந்த சொளகைப் பார்த்தார். அதன் பக்கத்தில் சார்ஜர். "இது எதுக்கும்மா?"

"சார்ஜ் ஏறுனதை ஆறப்போட."

"எவ்வளவு நேரம்?"

"கை பொறுக்குற வரைக்கும்."

ஜெயபாண்டி முகம் மலர்ந்தது. வந்தது ஒன்றுக்கு, கிடைத்தது அதைவிடப் பெரியது. அங்கேயே நின்று எழுதச் சொன்னார்: 'மேற்படி வீட்டில் உரிமம் பெறாத மின்கல ஓய்வகம் ஒன்று இயங்கி வருவது கண்டறியப்பட்டது. கொள்ளளவு நாற்பது. இயற்கைக் காற்றோட்டம் உள்ளது.'

சொளகையும் எடுத்துக்கொண்டார்கள்.

"அதையும் சார்ஜ் போட்டுப் படுக்க வைப்பீகளா?" என்றாள் நாகஜோதி. "அரிசி புடைக்கணும். எப்ப முழிக்கும்ண்டு சொல்லிட்டுப் போங்க."

அவர்கள் எழுதியதற்கு ஒரு நகல் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்லகாமன் அந்த மகசர் நகலைத் திரும்பத் திரும்பப் படித்தார். வியாபாரிக்கு ஒரு குணம். தன்மேல் விழுந்த குற்றத்தைக்கூட எடை போட்டுப் பார்ப்பான், ஏதாவது தேறுமா என்று.

"அரசாங்கமே எழுதிக் கொடுத்துருக்கு நம்ம வீடு ஓய்வகம்ண்டு," என்றார் கடைசியில்.

"உரிமம் இல்லாததுண்டு எழுதிருக்கு."

"உரிமம் குடுக்குறது யாரு?"

நாகஜோதி அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் பார்க்கிறாள். இதுவரை ஒருதரமும் தப்பாகப் போனதில்லை.

புதன்கிழமை மத்தியானம் ரெண்டே காலுக்கு ஓய்வறை ஏசி ஒரு முனகு முனகி நின்றது. நல்லகாமன் அப்போது அலுவலக வாசலில் இருந்தார். அவர் ஒன்றும் செய்யவில்லை. இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஜெயபாண்டி முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான்.

அலுவலகத்துக்குள் ஏசி இல்லாமல் ஓய்வு கொடுத்தால் அது ஓய்வு ஆகாது என்பது சுற்றறிக்கை. ஓய்வு கலைந்தால் பொறுப்பு அதிகாரி. ரிப்பேர்க்காரர் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டார். ஹரிஷ்குமார் ஃபைலால் பேட்டரிகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், ஜன்னலைத் தொறக்கவா?" என்றாள் தங்கப்பொண்ணு.

"ஜன்னல் சுற்றறிக்கையில இல்ல."

"வேற எங்கயாச்சும் ஓய்வகம் இருந்தா மாத்தலாமா சார்?" என்று வாசலிலிருந்தே கேட்டார் நல்லகாமன்.

"உரிமம் பெற்ற ஓய்வகம் இருந்தா, இயற்கைக் காற்றோட்டம் இருந்தா, மாத்தலாம். எங்க இருக்கு?"

நல்லகாமன் மகசர் நகலை நீட்டினார். ஜெயபாண்டி தான் எழுதச் சொன்னதைத் தானே படித்தார். கொள்ளளவு நாற்பது. இயற்கைக் காற்றோட்டம் உள்ளது.

"இதுக்கு உரிமம் இல்லையே."

"நீங்க குடுத்தா இருக்கும் சார்."

ஜெயபாண்டி நகலைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"பதினஞ்சு ரூபா ஆகும் சார்," என்றார் நல்லகாமன். "ஒரு பேட்டரிக்கு, ஒரு மணி நேரத்துக்கு."

"யோவ், உன் பேட்டரிய உன் வீட்டுல வைக்க நான் உனக்குக் காசு தரணுமா?"

"எம்பேட்டரி எம்பேட்டரியா இருந்தப்ப காசு வாங்கல சார். இப்ப அது சாட்சி. அரசாங்கச் சொத்து. ஒண்ணு கெட்டாலும் பத்து வருசம் நீங்க பதில் சொல்லணும்." துண்டை உதறித் தோளில் போட்டார். "தோதுப்படலேண்டா வேணாம். நான் வாரேன்."

ரெண்டு படி இறங்கினார். மூன்றாவது படியில் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பேரத்திலும் மூன்றாவது படியில்தான் கூப்பிடுவார்கள்.

"நில்லுய்யா. அஞ்சு ரூபா."

"உங்க ஆபீசு ரேட்டையே போடுங்க சார். உங்களுக்கும் கணக்குச் சுலுவு. பதினொண்ணு எம்பது."

ஜெயபாண்டி ஏசியைப் பார்த்தார். ஹரிஷ்குமாரின் கை வலிப்பதைப் பார்த்தார். "சரி. ஆனா ஒண்ணாம் நம்பர் வெவகாரம் இருக்கே. வழக்கு உள்ள ஆளுக்கு எப்படி உரிமம் குடுக்குறது?"

நல்லகாமன் பையிலிருந்து அந்தப் பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஓய்வகத்துல ஓய்வு நிலையில கண்டெடுத்ததா எழுதிக்கங்க சார். பொருள் கெடைச்சிருச்சு, வழக்கு இல்ல."

ஜெயபாண்டி அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். மூன்று நாளாக அதே பேட்டரி, அதே பை. ஆனாலும் இப்போது அது உபரி இல்லை, கண்டெடுத்தது. கண்டெடுத்ததற்கு எண் ஒட்டலாம். ஹரிஷ்குமார் விசிறுவதை நிறுத்திவிட்டு, ஒன்று என்று எழுதி ஒட்டினார். கணினி சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஜெயபாண்டி உரிமத்தில் கையெழுத்துப் போட்டார்.

சரியாக மூன்று மணிக்கு நாற்பது பேட்டரிகளும் சொளகில் ஏறின. கண்காணிப்புக்குத் தங்கப்பொண்ணையும் கூடவே அனுப்பினார்கள், நோட்டோடு.

வழியெல்லாம் நல்லகாமனுக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு லேசாக முடிந்தால் எங்கோ ஏமாந்திருக்கிறோம் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் நாற்பதையும் எண்ணினார். முதல்முறையாக "ஒண்ணு" என்று ஆரம்பித்து, நாக்கு கூசி, மறுபடி லாபத்திலிருந்து எண்ணினார்.

நாகஜோதி சார்ஜ் போட்டாள், ஆறப்போட்டாள், புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தங்கப்பொண்ணைப் பார்த்தாள்.

"இந்தப் பேட்டரி விடியக்காலம் வெளிய போகும். நீ என்னாண்டு எழுதுவ?"

"சார்ஜர்ல இல்லாததெல்லாம் ஓய்வுண்டுதான் சுற்றறிக்கையில இருக்குக்கா. ஆபீசுக்கு வெளிய எங்க இருக்கணும்ண்டு இல்ல." தங்கப்பொண்ணு மிச்சமிருந்த பக்கத்தை எல்லாம் 'ஓய்வில் உள்ளது' என்று ஒரே மூச்சில் எழுதி முடித்து, நோட்டை மூடினாள். "எங்கயாச்சும் ஒரு பாய் கெடைக்குமா?"

வியாழன் விடியலில் நாற்பது பேட்டரிகளும் நாற்பது நெற்றிகளில் ஓய்வெடுத்தன. பூ மொட்டாகவே சந்தைக்குப் போனது. முத்துமீனா ஒன்றும் பாராட்டவில்லை. "இதென்னண்ணே, எல்லாத்துலயும் நம்பர் ஒட்டிருக்கு? எங்க திருடுனது?" என்று மட்டும் கேட்டாள். அலங்காநல்லூர்க்காரருக்கு அவள் போன் போடவில்லை. வெள்ளி விடியலிலும் அப்படியே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஹரிஷ்குமார் வந்தார். கூடவே நிர்ணய அலுவலரும் வந்தார். வந்ததும், ஒன்றாம் எண் பேட்டரியைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார், மல்லிகை வாசம் அடித்தது, லைட்தான் என்று நிர்ணயித்துவிட்டார். சொளகையும் விடுவித்தாயிற்று. கணக்கை மட்டும் முடித்துவிடலாம் என்று ஹரிஷ்குமார் காகிதத்தை விரித்தார்.

நல்லகாமன் அலுவலகத்துக்குத் தரவேண்டியது: பேட்டரி முப்பத்தொன்பது, திங்கள் மூன்று மணி முதல் புதன் மூன்று மணி வரை நாற்பத்தெட்டு மணி நேர ஓய்வு. இருபத்திரண்டாயிரத்து எண்பத்தொன்பது ரூபாய் அறுபது காசு.

அலுவலகம் நல்லகாமனுக்குத் தரவேண்டியது: பேட்டரி நாற்பது, புதன் மூன்று மணி முதல் வெள்ளி மூன்று மணி வரை அதே நாற்பத்தெட்டு மணி நேர ஓய்வு. இருபத்திரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறு ரூபாய்.

தங்கப்பொண்ணு நின்றது நாற்பத்தெட்டு மணி நேரம், நாகஜோதி வீட்டுப் பாயில் தூங்கியது பதினேழு மணி நேரம். ரெண்டுக்கும் படிவத்தில் பத்தி இல்லாததால் ஏற்றவில்லை.

கழித்துப் பார்த்ததில் ஒன்றாம் எண் பேட்டரியின் ஓய்வு மட்டும் நேர் செய்யப்படாமல் நின்றது. அலுவலகம் நல்லகாமனுக்குத் தரவேண்டிய பாக்கி, ஐந்நூற்று அறுபத்தாறு ரூபாய் நாற்பது காசு. அதற்கான ஃபைல் இப்போதுதான் சூடாக மேசைக்கு வந்திருக்கிறதாம். ஆறட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.